முப்பத்தொன்றாம் பானையின் அரைச்சுருள்

ஜனவரி 11

தங்கச்சிக்கு,

உன் புத்தகம் நேற்று மதியம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு அனுப்பாமல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தாய். அதிலேயே எனக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். உறையைப் பிரித்தவர், நாங்கள் பசை என்று கூப்பிடுகிறவர். உடைந்த பானைகளை ஒட்டுகிறவர், நீ இங்கே வந்தபோது உன் அறுந்த செருப்பைக்கூட ஒட்டிக் கொடுத்தாரே, அவர்தான். "உங்க தங்கச்சி புக்கா? அட, அட்டையிலயே நம்ம சுருளு!" என்று என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். முதல் நான்கு அத்தியாயங்கள் உன்னுடையவை. நன்றாக இருக்கின்றன. ஐந்தாவது என்னுடையது.

இப்படிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு எப்படிச் சொல்வது? ஒன்பது வருடமாக இந்தக் கிடங்கில் உட்கார்ந்து பானைகளை வரைகிறவள் நான். பானையின் தோளைச் சுற்றி, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும் தொடர்சுருள். தீட்டியவன் கண் அளவில் ஆரம்பித்துச் சுற்றி வருகிறான். ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பும்போது ஒரு முழுச்சுருளுக்கு இடம் போதவில்லை, சும்மா விடவும் மனமில்லை. ஒரு அரைச்சுருளைத் திணித்துச் சமாளிக்கிறான். கீழே ஆற்று முகத்துவாரத்தில் தோண்டியெடுத்த பானை ஒவ்வொன்றிலும் அப்படி ஒன்று, ஒன்றே ஒன்று, இருக்கிறது. மலையில் கிடைத்த பானைகளிலோ மூன்று முழுச்சுருளுக்கு ஒரு அரைச்சுருள் என்று சுற்றிலும் ஒழுங்காக வருகிறது. ஏன்? மலையில் தீட்டியவன் கைக்குக் கிடைத்தது கீழிருந்து வந்த ஒரே ஒரு உடைந்த ஓடு. சமாளித்த இடம் அந்த ஓட்டில் இருந்தது. அதையும் அலங்காரம் என்று நினைத்து அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். ஆகவே சுருள் மலையில் பிறந்து கீழே இறங்கவில்லை, கீழே பிறந்து மேலே ஏறியது.

இதைப் போன ஜூனில் என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே உனக்குச் சொன்னேன். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடி சொல்லு" என்றாய். மறுபடி சொன்னேன், மடச்சி நான்.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று நான் வேலையில் இருந்தேன். வீட்டுச் சாவி உன்னிடம் இருந்தது. திரும்பி வந்தால் மேசையில் என் படக்கட்டு இல்லை. "பாத்துட்டு அனுப்பறேன்" என்று ஒரு துண்டுச்சீட்டு மட்டும் இருந்தது. தங்கச்சிக்கு என் படங்கள் மேல் இவ்வளவு ஆசையா என்று நான் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நன்றியுரையைக் கடைசியில் படித்தேன். பேராசிரியர்கள், நூலகர், தட்டச்சு செய்த பெண், பக்கத்து வீட்டு நாயைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள். கடைசி வரி, "அருங்காட்சியக ஊழியர்களுக்கும்." அந்த வரியில் நானும் வாசல் காவல்காரரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறோம்.

நாலாம் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சலில் எனக்கு ஒரு வருடம் போனதால் நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதினாய், என் தப்பையும் சேர்த்து. இரண்டு நோட்டிலும் ஒரே தப்பு. டீச்சர் உன் முத்து முத்தான கையெழுத்தைப் பார்த்தார், என் கோழிக் கிறுக்கலைப் பார்த்தார். "நீதானே இவளைப் பாத்து எழுதினே?" என்று என்னைக் கேட்டார். நீ வாயே திறக்கவில்லை. அன்று உனக்கு ஒன்பது வயது, சின்னப்பிள்ளை என்று விட்டுவிட்டேன். இன்று என்ன என்று விடுவது?

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது. இது மூன்றாம் தடவைக்குப் பிறகு எழுதுவது, கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

வெங்காயக் கதை உண்மைதான். ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததை வசதியாக மறந்துவிட்டாயே! "சேந்து எழுதலாம்க்கா" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "எனக்கு எழுதல்லாம் வராதும்மா, நீயே பாத்துக்கோ" என்றாய். நானே பார்த்துக்கொண்டேன். இப்போது திருடி என்கிறாய்.

நீ சொன்னது ஒரு பளிச்சென்ற யோசனை. அதை நாலு பேர் ஒப்புக்கொள்ளும் வாதமாக்க நாற்பது அகழாய்வு அறிக்கைகளை வரிவரியாகப் படித்தது நான். எங்கள் துறைப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். சுருள் மலையில்தான் பிறந்தது என்று முப்பது வருடமாகச் சாதிப்பவர், நாங்கள் அவருக்கு மலைக்காரர் என்றே பெயர் வைத்திருக்கிறோம். உன் இரண்டு முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போயிருந்தால் ஒரே வார்த்தையில் ஊதித் தள்ளியிருப்பார். இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு கண்ணி வேண்டும். அதைக் கண்டுபிடித்தது யார்? நான். உப்பளத்துப் பானை, எண் முப்பத்தொன்று. அதில் அரைச்சுருள் ஒன்றல்ல, இரண்டு! சமாளிப்பு அலங்காரமாக மாறத் தொடங்கும் இடம் அதுதான். உன் கையாலேயே வரைந்தும் நீ அதைக் கவனிக்கவில்லை. என் புத்தகமே அந்தப் பானையின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று. அக்டோபரில் படங்களின் அச்சுப்படிகளை உனக்கு அனுப்பினேன், உன் கட்டையும் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு அச்சுப்படியிலும் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். மனத்தாங்கல் இருந்தால் அப்போதே கேட்டிருக்கலாமே.

பிப்ரவரி கடைசியில் நிரந்தரப் பணிக்கான குழு கூடுகிறது. மலைக்காரர் அதில் இருக்கிறார். பதினொரு வருடமாக ஒவ்வொரு வருடமும் நீட்டிப்புக்காக ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். இந்தப் புத்தகத்தை விட்டால் எனக்கு வேறு பிடிமானம் இல்லை. இப்போது போய் நீ வெளியே ஒரு வார்த்தை சொன்னால் என் கதை முடிந்தது. அடுத்த பதிப்பில் உன் பெயரைத் தனியாகப் போடுகிறேன், சத்தியமாக.

நாலாம் வகுப்பை இன்னுமா தூக்கிக்கொண்டு திரிகிறாய்?

குட்டி


ஜனவரி 27

குட்டி,

எழுத வராது என்றுதான் சொன்னேன். பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு கேள்வி. முப்பத்தொன்று பெரிய பானை, அதன் சுற்று ஒரு தாளில் அடங்காது. இரண்டு டிரேசிங் பேப்பர்களில் வரைந்து வைத்திருந்தேன். அந்த இரண்டையும் நீ எப்படிச் சேர்த்தாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

இது என்ன கேள்வி? ஒரு தாளின் ஓரத்தை இன்னொன்றின் ஓரத்தோடு அணைத்து வைத்து ஒட்டினேன். ஓரங்களில் பென்சில் அழுக்கு இருந்தது, ரப்பரால் சுத்தமாக அழித்தேன். அச்சகத்து ஓவியர் அதை வேறு தாளில் படியெடுத்து மை போட்டு, சேர்ந்த இடம் தெரியாதபடி நேர்த்தியாக்கிக் கொடுத்தார். அப்புறம் பிரித்து உனக்குப் பத்திரமாக அனுப்பிவிட்டேன். தாள் எதுவும் கிழியவில்லையே?

இப்போது முக்கியமான விஷயம். மலைக்காரர் புத்தகத்தைப் படித்துவிட்டார். தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "அந்த முப்பத்தொண்ண நான் கண்ணால பாக்கணும்மா" என்றார். பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, உங்கள் கிடங்குக்கு வருகிறார். பானையை மேசையில் எடுத்து வை. நல்ல வெளிச்சத்தில் வை. மனிதர் பார்த்து வாயடைத்துப் போகட்டும்! யாருடைய யோசனை என்ற பேச்சை மட்டும் அன்று எடுக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

அவர் ஒப்புக்கொண்டால் வேலை எனக்குத்தான். இனிமேல் உன் வீட்டுக்கு வரும்போது கையை வீசிக்கொண்டு வரமாட்டேன்.

குட்டி


பிப்ரவரி 8

குட்டி,

நீ அழித்தது அழுக்கு இல்லை.

பானை தாளைவிடப் பெரியதாக இருந்தால், முதல் தாள் முடியும் இடத்தில் பாதியில் நிற்கும் சுருளை இரண்டாம் தாளில் முதலிலிருந்து முழுசாக வரைவேன். இரண்டு தாளிலும் அந்தச் சுருளின் மேல் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவேன். குறியின் மேல் குறி படும்படி ஒரு தாளை இன்னொன்றின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். பசைக்குத் தெரியும், காப்பாட்சியருக்குத் தெரியும், கிடங்கைப் பெருக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். நீ என்னிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன். சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனவள் எப்படிக் கேட்பாய்?

ஓரத்தோடு ஓரம் வைத்துவிட்டாய். முதல் தாளில் பாதியில் நின்றது அப்படியே ஒரு அரைச்சுருளாக நிற்கிறது. உன் இரண்டாவது அரைச்சுருள் அதுதான். பானையில் அது இல்லை. பானையில் இருப்பது ஒன்றே ஒன்று, மற்ற எல்லாவற்றையும் போல.

கையில் கிடைத்த துண்டைப் பார்த்து, இதுவும் அலங்காரம் என்று நினைத்துத் தீட்டினானே, மலையில் அந்தப் பானைக்காரன். அவனைப் பற்றி எண்பது பக்கம் எழுதிவிட்டு அவன் செய்ததையே செய்திருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது. அக்டோபரில் அச்சுப்படி வந்தபோதே இதைப் பார்த்துவிட்டேன். பார்த்த மாத்திரத்தில் உனக்குப் போன் செய்யத்தான் கையை நீட்டினேன். அப்போது படங்களின் அடியில் வேறொரு தாள் இருந்தது. தவறிப்போய் உள்ளே வந்துவிட்டது போல. முதல் பக்கத்துக்கான வாசகம், "படங்கள்: ஆசிரியர்" என்று போட்டிருந்தது. யோசனையை எடுத்தாய், அது காற்றில் போன வார்த்தை. கோடுமா? ஒன்பது வருடம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நான் போட்ட கோடு, அதுவும் உன்னுடையதா? அன்று முழுக்க அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினெட்டாம் தேதி அவர் வருகிறார். நீயே முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிடு.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

தெரிந்தே போட்டாயா? தெரிந்தே "சரி" என்று எழுதினாயா?

நான் செய்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன், போதுமா? உன் யோசனையை எடுத்தேன், உன் படத்தில் என் பெயரைப் போட்டேன். ஆசையில் செய்தேன், அவசரத்தில் செய்தேன், பயத்தில் செய்தேன். ஆனால் நான் குழியை நோக்கி நடப்பதை நான்கு மாதம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க உன்னால் எப்படி முடிந்தது? ஜனவரியில் எழுதினாயே, அந்த நீளக் கடிதத்தில்கூட ஒரு வார்த்தை இல்லையே! இந்த உலகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது உன் "சரி"யை மட்டும்தான். மற்ற எல்லார் சொன்னதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன், உன்னுடையதை மாட்டேன்.

அவரிடம் சொல்ல என்னால் முடியாது. இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். ஒரே ஒரு உதவி செய். பானை ஒட்டும் வேலையில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது என்று சொல். பசை சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இருபத்தாறாம் தேதி குழு கூடி முடியும்வரை போதும். அப்புறம் நீ சொல்கிறபடி எல்லாம் கேட்கிறேன்.

குட்டி


பிப்ரவரி 19

குட்டி,

பசையிடம் நான் கேட்கவில்லை. அவர் ஒட்டுவது பானையை மட்டும்தான்.

நேற்று உன் மலைக்காரர் வந்தார். பெரிய ஆர்ப்பாட்டக்காரர் என்று நினைத்திருந்தேன். மூட்டுவலியோடு படியேறி வந்த சாது மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். பானையை மேசையில், நீ கேட்ட மாதிரியே நல்ல வெளிச்சத்தில், வைத்திருந்தேன். மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து விரலால் எண்ணினார்.

"ரெண்டாவது எங்கம்மா?"

"இல்ல சார்."

"இல்லன்னா? யாரு வரைஞ்சது இது?"

"வரைஞ்சது நான்தான். என் படத்துல தப்பில்ல சார். மத்ததைப் புத்தகம் எழுதினவங்களே உங்ககிட்ட சொல்வாங்க."

என் இழுப்பறையில் அந்த இரண்டு தாள்களும் இருந்தன. பென்சிலை அழித்தாலும் அழுத்தின பள்ளம் போகாது, சாய்த்துப் பிடித்தால் குறி தெரிகிறது. இழுப்பறையில் கை வைத்தேன், ஆனால் திறக்கவில்லை. உன் வாயால் வரட்டும் என்றுதான் திறக்கவில்லை, இதை நீ நம்ப வேண்டும்.

கிளம்பும்போது அவர் சொன்னதைக் கேள். "அந்தச் சமாளிப்புச் சமாச்சாரம் ரொம்ப நல்லா இருக்கு. முப்பது வருஷமா என் கண்ணுல படல. இந்தப் பானை இல்லாமலே அது நிக்குமே, எதுக்கு இதை உள்ளே இழுத்தாங்க?"

கேட்டாயா? அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். உன் கண்ணி தேவையே இல்லை. தாளைத் தப்பாகச் சேர்த்துவிட்டேன் என்று அவரிடம் ஒரு வரி எழுதிக் கொடு. வேலை போகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யோசனை யாருடையது என்பதை அப்புறம் நமக்குள் பேசிக்கொள்ளலாம். அக்டோபரில் நான் செய்ததற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்கிறேன். எழுதிவிடு, குட்டி.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்கா,

வேலை கிடைத்துவிட்டது. இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இத்துடன் ஒரு திருத்தச் சீட்டு வைத்திருக்கிறேன். விற்காத பிரதிகள் எல்லாவற்றிலும் இதை ஒட்டப்போகிறார்கள். வேறு யாராவது உன்னிடம் காட்டுவதற்கு முன்னால் நானே அனுப்புவது நல்லது என்று தோன்றியது.

குழுவில் முதல் கேள்வியே முப்பத்தொன்றுதான். நீ சொன்னபடி சொல்லத்தான் போனேன். நாக்கு வரை வந்துவிட்டது. வரைந்தது நான் இல்லை, அருங்காட்சியகத்தில் வரைகிறவர் என்று மலைக்காரர் முன்பே அவர்களிடம் சொல்லியிருந்தார். அப்போது குழுத் தலைவர், "படங்களை வரைஞ்சவங்க சரிபாத்தாங்களா?" என்று கேட்டார். பையில் உன் அச்சுப்படி இருந்தது. எடுத்துக் காட்டினேன். அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை அக்கா. அந்தக் கையெழுத்து உன்னுடையதுதானே? மற்றதை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள், மலைக்காரர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்கு அங்கே ஒன்றும் ஆகாது, உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். நீ என்னை மன்னித்துவிடுவாய். எப்போதும் மன்னித்திருக்கிறாய்.

குட்டி


மார்ச் 13

குட்டி,

சீட்டு கிடைத்தது. "படம் 31-இல் காணப்படும் இரண்டாவது அரைச்சுருள் அருங்காட்சியக வரைவாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது." அடுத்து என் பெயர், முதலெழுத்தோடு, ஒரு பிழையில்லாமல். அச்சில் என் பெயரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடிக்காக உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காப்பாட்சியர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். இனி என் படம் ஒவ்வொன்றையும் இன்னொருவர் பானையோடு வைத்துச் சரிபார்ப்பாராம். தன் கீழ் ஒன்பது வருடம் வேலை பார்த்தவளிடம் இதைச் சொல்ல அவருக்கே சங்கடம், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பசை இரண்டு நாளாக என் மேசையைச் சுற்றிக்கொண்டு போகிறார். என் மேல் கோபம் இல்லை, எனக்காக வருத்தம்தான் அவருக்கு.

எழுத வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? உனக்கு இந்தக் கடிதங்களை எழுதி எழுதி வந்துவிட்டது. ஒரு கட்டுரை, ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆற்று முகத்துவாரம், மலை, நடுவில் ஒன்றுமில்லை. வெங்காயம் உரித்தபோது உனக்குச் சொன்னது எதுவோ அதுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஏழாவது பக்கத்தில் முப்பத்தொன்றின் இரண்டு தாள்களையும் நீ வைத்தபடி ஒரு முறையும், குறியின் மேல் குறி வைத்து ஒரு முறையும் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். அதன் கீழே அக்டோபரில் நான் போட்ட "சரி" பொய் என்பதையும், ஏன் போட்டேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். காப்பாட்சியர் அதைப் படித்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. என் தப்பு எதுவோ அதை நான் எழுதிக்கொள்கிறேன், உன்னுடையதை இனிமேல் சுமக்க முடியாது.

நேற்றே மலைக்காரருக்குத் தபாலில் போட்டுவிட்டேன். முத்திரை குத்தும்வரை அங்கேயே நின்றேன், மனம் மாறிவிடுமோ என்று பயந்துகொண்டு. மாறவில்லை.

உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. வீட்டுச் சாவி ஒன்று இன்னும் உன்னிடம் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பிவிடு.